வெட்டவில்லை, ஒட்டினார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜப்பானிய அனிமேஷன் படங்களை மேற்கத்திய ரசிகர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஒரு கேள்வி விட்டுப்போயிருக்கிறது: அவர்கள் பார்த்தது எந்தப் பிரதி? அமெரிக்க ரசிகர்கள் வியந்த சில இடங்களைக் கட்டுரையாளர் ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் கணக்கில் வரவு வைத்திருக்கிறார். அவற்றில் சில, டப்பிங்கின்போது டிஸ்னி சேர்த்தவை.

மியாசாகியின் 'நவ்சிகா' (1984) மறு ஆண்டே அமெரிக்காவுக்குப் போனது. இருபது நிமிடங்களுக்கு மேல் வெட்டி, 'வாரியர்ஸ் ஆஃப் தி விண்ட்' என்று பெயர் மாற்றினார்கள். நாயகியும் ஸாண்ட்ரா ஆகிவிட்டாள். அந்தச் சூடு பட்டபிறகுதான் மியாசாகியின் கிப்லி படநிறுவனம் 'வெட்டக்கூடாது' என்பதில் கறாரானது. 'மொனொனோகே ஹிமே' (1997, ஆங்கிலத்தில் 'பிரின்சஸ் மொனொனோகே') படத்தை அமெரிக்க வெளியீட்டுக்கு வாங்கிய மிராமாக்ஸ் நிறுவனத் தலைவரிடம் தயாரிப்பாளர் தோஷியோ சுசுகி ஒரு வாளைக் கொடுத்து 'நோ கட்' என்று சொன்ன கதை பிரசித்தம். இதற்கு ஒரு பக்க விளைவும் உண்டு. இசாவோ தகஹாதாவின் 'ஒமொஹிதெ பொரொபொரொ' (1991, ஆங்கிலத்தில் 'ஒன்லி யெஸ்டர்டே') என்ற கிப்லி படத்தில் பள்ளிச் சிறுமிகள் மாதவிடாய் பற்றிப் பேசுகிறார்கள். டிஸ்னிக்கு அதை வெட்டவும் முடியாது, அப்படியே வெளியிடவும் மனமில்லை. அமெரிக்கத் திரையரங்குகளுக்கு அந்தப் படம் வந்து சேர்ந்தது 2016-ல்.

ஆனால் வெட்டக்கூடாது என்ற நிபந்தனை படத்தைத்தான் காத்தது, ஒலியைக் காக்கவில்லை. வெட்டாமல் ஒட்டினார்கள்.

'கிகி'யை (1989) எடுத்துக்கொள்வோம். நடுவில், சூனியக்காரச் சிறுமியான கிகிக்குப் பறக்கும் சக்தி போய்விடுகிறது. அவளோடு பேசிக்கொண்டிருந்த ஜிஜி என்ற கருப்புப் பூனையின் பேச்சும் வெறும் மியாவ் ஆகிறது. முடிவில் பறக்கும் சக்தி திரும்புகிறது, பூனையின் பேச்சு திரும்புவதில்லை. தோளில் ஏறி மியாவ் என்கிறது, அவ்வளவுதான். சிறுபிள்ளைத்தனத்தில் ஒரு துண்டு அவளை விட்டுப் போய்விட்டது, அதற்காக அவள் அழவும் இல்லை. 1998-ல் வந்த டிஸ்னி டப்பிங்கில் அதே இடத்தில் பூனை ஆங்கிலத்தில் பேசிவிடுகிறது. 'எல்லாம் பழையபடி ஆனது' என்று அமெரிக்கச் சிறுவர்கள் நினைத்ததில் அவர்கள் தப்பு ஒன்றுமில்லை. 2010 டிவிடியில் இந்த ஒட்டுகளில் பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டார்கள். ஆகவே கிகியின் முடிவைப் பற்றி மேற்கத்தியர் எழுதியதைப் படிக்கும்போது அவர் பார்த்தது 2010-க்கு முந்தைய பிரதியா, பிந்தையதா என்று கேட்டே ஆகவேண்டும்.

'சென் தோ சிஹிரோ' (2001), அதாவது ஆங்கிலத்தில் 'ஸ்பிரிட்டட் அவே', இன்னும் சிக்கலானது. சிறுமி சிஹிரோ ஆவிகளின் உலகுக்குள் வந்து மாட்டிக்கொள்ளும் கதை. பாலத்தருகே ஒரு பெரிய கட்டடத்தைப் பார்த்ததும் ஆங்கிலச் சிஹிரோ 'இது குளியல் மாளிகை' என்கிறாள். ஜப்பானியச் சிஹிரோ வாய் திறப்பதில்லை. வாசல் துணியில் எழுதிய 'யு' (வெந்நீர்) என்ற ஒற்றை எழுத்தே ஜப்பானியருக்குப் போதும். அதைப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இந்தச் சேர்ப்பு ஓர் உதவி, மன்னித்துவிடலாம். கடைசிக் காட்சி அப்படியல்ல. அந்த உலகிலிருந்து மீண்டு கார் கிளம்பியபின், புது வீடும் புதுப் பள்ளியும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும் என்று அப்பா சொல்ல, 'நான் சமாளித்துக்கொள்வேன்' என்று சிஹிரோ பதில் சொல்கிறாள். மூலத்தில் இந்த இரண்டு வரியும் கிடையாது. அவள் மாறினாளா, எதையாவது நினைவில் வைத்திருக்கிறாளா என்பதைப் படம் பார்ப்பவரிடமே விட்டுவிடுகிறது. 'தன்னம்பிக்கை பெறும் சிறுமியின் கதை' என்ற மேற்கத்திய வாசிப்புக்கு இந்த ஒட்டும் ஒரு காரணம்.

மௌனத்துக்கும் இதே கதிதான். 'லபுதா'வின் (1986, ஆங்கிலத்தில் 'காஸில் இன் தி ஸ்கை') ஆங்கிலப் பிரதிக்காக அதன் இசையமைப்பாளர் ஜோ ஹிசாய்ஷியே பின்னணி இசையை விரித்து எழுதினார். மூலத்தில் சும்மா விட்டிருந்த இடங்கள் பலவற்றில் வாத்தியங்கள் வந்து உட்கார்ந்தன. (இசை என்ற அளவில் மோசமில்லை, அதையே விரும்புகிறவர்களும் உண்டு.) மியாசாகியோ விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டிடம் கைதட்டிக் காட்டி, இரண்டு தட்டலுக்கும் நடுவே இருப்பதுதான் 'மா' (இடைவெளி) என்று விளக்கியவர்.

டப்பிங் மேல் பழி போட முடியாத இடங்களும் உண்டு. 'மொனொனோகே ஹிமே'யில் ஊரைவிட்டுப் போகும் நாயகன் அஷிதாகா குடுமியை அறுப்பது, இனி ஊருக்கு அவன் இறந்தவனுக்குச் சமம் என்பதற்காக. அது தெரியாமல் பார்த்தால் முடிவெட்டிக்கொள்வதாகத்தான் படும். அவனுக்குக் கத்தியைக் கொடுத்து வழியனுப்பும் காயா அவனை 'அனிசமா' என்கிறாள். சொல்லுக்குச் சொல் 'அண்ணன்'. பலரும் அவளைத் தங்கை என்றே எண்ணிவிட்டார்கள். அவளோ அவனை மணக்க இருந்தவள். தமிழில் 'அத்தான்' என்று ஒரு சொல் போட்டால் தீர்ந்தது.

நம்மூரில் சப்டைட்டிலோடு பார்ப்பவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். ஜப்பானிய ஒலியை வைத்துக்கொண்டு 'சிஹிரோ'வில் கார் கிளம்பும் அந்தக் கடைசிக் காட்சிக்குப் போங்கள். யாரும் பேசாதபோது எழுத்து மட்டும் ஓடினால், அது ஜப்பானியத்திலிருந்து பெயர்த்தது அல்ல, ஆங்கில டப்பிங்கை எழுதி வைத்தது. ஓடிடி தளங்களில் 'இங்கிலீஷ் சிசி' (குளோஸ்டு கேப்ஷன், அதாவது ஒலியை எழுத்தில் தருவது) என்றிருப்பது பெரும்பாலும் இந்த ரகம். வெறும் 'இங்கிலீஷ்' என்று தனியாக இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

2025-ல் 'டீமன் ஸ்லேயர்' படம் தமிழ் பேசியே திரைக்கு வந்துவிட்டது. இனி வருவனவற்றை ஆங்கில வசனத்தைப் பார்த்துத் தமிழாக்கினால் அந்த ஒட்டுகளும் கூடவே வரும், தமிழுக்குக் கைவந்ததும் வீணாகும். 'கிமி நோ நா வா' (2016, ஆங்கிலத்தில் 'யுவர் நேம்') படத்தில் பையன் உடம்புக்குள் மாட்டிக்கொண்ட பெண், நண்பர்கள் முன்னால் தன்னை 'வதாஷி' என்கிறாள், முறைக்கிறார்கள். 'வதகுஷி', 'போகு' என்று மாற்றிப் பார்க்கிறாள். 'ஓரே' என்றதும்தான் தலையாட்டுகிறார்கள். நான்கும் 'நான்'தான், யார் எந்த 'நான்' சொல்வது என்பதில்தான் சிரிப்பு. ஆங்கிலத்தில் இருப்பது ஒரே 'ஐ'. தமிழிலும் ஒரே 'நான்'தான், ஆனால் விளிச்சொல் இருக்கிறதே! 'வழி தெரியாம சுத்திட்டேங்க' என்று ஆரம்பித்து, '...சுத்திட்டேன்ப்பா' என்று தடுமாறி, '...சுத்திட்டேன்டா' என்று முடித்தால் அரங்கம் சிரிக்கும்.

இப்படிக்கு,
வாசகர், மதுரை