சக்கிக்கும் குட்டிகளுக்கும் கைகொடுத்தவர்களுக்கு

எங்கள் தெருக்காரர்களுக்கும், மலைக்கு அந்தப் பக்கமிருந்து உதவியவர்களுக்கும் அன்பான வணக்கம்.

ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் நேரில் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் நேரில் நின்றால் எனக்கு வார்த்தை வருவதற்கு முன்னால் அழுகை வந்துவிடும். அதனால்தான் இந்த மடல்.

செங்கோட்டையில் என் தையல் கடையைத் தெரிந்தவர்களுக்குச் சக்கியையும் தெரிந்திருக்கும். கறுப்பும் செம்பட்டையும் வெள்ளையும் கலந்த பூனை. போன வருடம் தண்டவாளத்துப் பக்கமிருந்து வந்து, மிஷினுக்கு அடியில் படுத்தவள் அப்படியே தங்கிவிட்டாள். சக்கி என்று பெயர் வைத்தது எதிர்வீட்டுச் சேச்சி. கேரளப் பக்கம் புனலூரிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். அவர் பிறந்த வீட்டிலும் ஒரு சக்கி இருந்ததாம்.

ஆனி மாதம், சாரல் விடாமல் அடித்த ஒரு ராத்திரி, வெட்டுத்துணி போட்டு வைக்கிற சாக்குக்குள் அவள் நான்கு குட்டி போட்டாள். நாம் சாரல் என்பதைச் சேச்சி இடவப்பாதி என்பார். பெயர்தான் வேறு, குளிர் ஒன்றுதான். கரண்டும் போய்விட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் மூன்று குட்டி தாயின் வயிற்றோடு ஒட்டிக் கிடக்கின்றன, நான்காவது சாக்கின் ஓரத்தில் தனியாகக் கிடக்கிறது. தொட்டேன். நனைந்த துணி மாதிரி சில்லென்று இருந்தது. நான் அவசரமாகப் பால் காய்ச்சப் போனேன்.

மருத்துவர் அம்மா, ராத்திரி பதினொன்றரை மணிக்கு என் போனை எடுத்தீர்களே, அதற்கு முதல் நன்றி. “பால் இப்போது வேண்டாம், முதலில் சூடு” என்றீர்கள். பிறந்த குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது, குளிர்ந்து போன குட்டியின் வயிற்றில் பால் செரிக்காது என்று பொறுமையாக விளக்கினீர்கள். சேச்சி, நீங்கள் அந்தக் குட்டியைத் துண்டில் சுற்றி உங்கள் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தீர்கள். எப்போது கீச்சென்று ஒரு சத்தம் வந்ததோ, அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. உடனே சக்கியிடம் விட்டோம். முதல் நாள் சீம்பால் அதன் வாயில் போய்ச் சேர்ந்தது உங்கள் உடம்புச் சூட்டால்தான்.

தினமும் எடை பார்க்கச் சொன்னார் மருத்துவர். குட்டிக்கு ஒரு நாளைக்குப் பத்து கிராமாவது ஏற வேண்டுமாம். பத்து கிராம் வித்தியாசம் எந்தத் தராசில் தெரியும்? மறுநாள் காலையில் தயங்கித் தயங்கித் தட்டான் கடை அண்ணாச்சியிடம் போய்க் கேட்டேன். நகை நிறுக்கிற தராசு, பூனைக்குட்டிக்கா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழைய தராசு ஒன்றைத் துடைத்து எடுத்துக்கொண்டு அவரே கடைக்கு வந்தார். தட்டில் மெத்தென்று பஞ்சு வைத்து, சின்னக் குட்டியை இரண்டு கையாலும் ஏந்தி வைத்தார். 72 கிராம். “ஒன்பது பவுன்” என்றார். அன்றிலிருந்து அதன் பெயர் பவுனு.

கறுப்புக் குட்டியைக் காப்பாற்ற முடியவில்லை. 98, 95, 90 என்று இறங்கிக்கொண்டே வந்தது, மூன்றாம் நாள் விடியும்போது போய்விட்டது. பக்கத்து வீட்டுத் தம்பி முருங்கை மரத்தடியில் குழி வெட்டிக் கொடுத்தான்.

பால் கொடுக்கிற பூனை வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு சாப்பிடும். மீன்கார அக்கா தினமும் ஒரு கை சாளையை எடுத்துத் தனியாக வைத்தார். காசு கொடுத்தால், “பிள்ளை பெத்தவளுக்குக் கொடுக்கிறதுக்குக் கணக்கு எழுதுவாகளா?” என்று கையைத் தட்டிவிட்டார். வேகவைத்து, முள்ளை நீக்கிக் கொடுத்தேன். எல்லாம் சரியாகப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

பதினெட்டாம் நாள் காலை சக்கி எழுந்திருக்கவில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறாள், கால் நான்கும் விறைத்து நடுங்குகிறது, உடம்பு கொதிக்கிறது. காய்ச்சல் என்று நினைத்து ஒரு மருந்துக் கடைக்கு ஓடினேன். குழந்தைகளுக்குக் கொடுக்கிற பாரசிட்டமால் சொட்டு மருந்தை எடுத்து நீட்டினார்கள். வாங்கியும் விட்டேன். தம்பிதான், “அக்கா, டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீங்க” என்று பாட்டிலை என் கையிலிருந்து பிடுங்கினான். அது பூனைக்கு விஷம், கொஞ்சம் கொடுத்தாலும் உயிர் போய்விடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. தம்பி, அன்று நீ பேசாமல் இருந்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

சக்கிக்கு வந்தது காய்ச்சல் கிடையாது, சுண்ணாம்புச் சத்துக் குறைவு. மூன்று குட்டியும் குடிக்கக் குடிக்க, அவள் ரத்தத்திலிருந்த கால்சியம் முழுக்கப் பாலில் போய்க்கொண்டிருந்திருக்கிறது. முள்ளை நீக்கி நீக்கி நான் கொடுத்த சாப்பாட்டில் அது திரும்பக் கிடைக்கவும் இல்லை. மருத்துவர் அம்மா ஒரு கையில் ஊசியும் மறு கையில் ஸ்டெதாஸ்கோப்புமாக, நரம்பில் மெதுவாக, மிக மெதுவாக மருந்தை ஏற்றினார். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடுமாம். நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மருந்து உள்ளே போகப் போக என் உள்ளங்கைக்கு அடியில் அந்த நடுக்கம் அடங்குவது தெரிந்தது. காது ஒரு தடவை அசைந்தது. பிறகு என் கட்டைவிரலை நக்கினாள்.

ஒரு நாள் முழுக்கக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்றார்கள். பசும்பால் கொடுத்தால் கழிச்சல் வரும். பூனைக்குட்டிக்கென்று விற்கிற பால் பவுடர் இங்கே கிடைக்கவில்லை, தென்காசியில் விசாரித்த இடத்திலும் இல்லை. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து கொல்லத்துக்குக் காய்கறி ஏற்றிப்போகிற லாரி அண்ணனுக்குத் தம்பி போன் போட்டான். அவர் அங்கே லோடு இறக்கிவிட்டு, கடை தேடி அலைந்து வாங்கி, ராத்திரியோடு ராத்திரியாக ஆரியங்காவு வழியாக ஏறி, புளியரை எஸ் வளைவு இறங்கி, விடிகிற நேரத்தில் என் வாசலில் வண்டியை நிறுத்தினார். டப்பாவைக் கொடுத்துவிட்டு ஒரு டீ கூடக் குடிக்கவில்லை. அண்ணே, நீங்கள் சக்கியை அதுவரை பார்த்ததுகூட இல்லை.

அது வந்து சேரும்வரை, மருத்துவர் சம்மதத்தோடு, ஆச்சி கறந்து கொடுத்த ஆட்டுப்பால்தான் தாங்கியது. ராத்திரி எட்டு மணிக்கு நான், பன்னிரண்டு மணிக்குச் சேச்சி, நாலு மணிக்குத் தம்பி. ஊசியில்லாத சிரிஞ்சில், குட்டியைக் குப்புற வைத்துத் துளித்துளியாகக் கொடுக்க வேண்டும். கைக்குழந்தை மாதிரி மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். கொடுத்து முடித்ததும் வெந்நீரில் நனைத்த பஞ்சால் அடிப்பக்கம் தடவிவிட வேண்டும், இல்லையென்றால் அந்த வயதில் மூத்திரம் போகத் தெரியாது. தாய் நாக்கால் செய்கிற வேலை. பிளஸ் டூ படிக்கிற பையன், மறுநாள் பரீட்சை இருந்தும், முகம் சுளிக்காமல் மூன்று குட்டிக்கும் அதைச் செய்தான்.

இப்போது குட்டிகளுக்கு ஏழு வாரம் முடிந்துவிட்டது. மூன்றும் நான் வெட்டுகிற துணியின் நுனியைப் பிடித்து இழுக்கின்றன. ஒன்று சேச்சி வீட்டுக்கு, ஒன்று மீன்கார அக்கா வீட்டுக்கு. பால் நன்றாக மறந்தபிறகு கொடுக்கிறேன். சக்கிக்குக் கருத்தடை செய்ய மருத்துவர் தேதி கொடுத்திருக்கிறார். பால் கொடுக்கும்போதே பூனை மறுபடி சினையாகிவிடுமாம், தெருக் கடுவன் இப்போதே மதில்மேல் வந்து உட்காருகிறது. அதுவரை அவளை வெளியே விடப்போவதில்லை. பின்கதவைத் திறக்கிறவர்கள் தயவுசெய்து சாத்திவிட்டுப் போங்கள்.

அண்ணாச்சி, தராசைத் துடைத்து வைத்துவிட்டேன், நாளைக் காலையில் கொண்டுவருகிறேன். பவுனுவை இன்று கடைசியாக நிறுத்தேன். 608 கிராம். எழுபத்தாறு பவுன்.