மட்டக்களப்பு மாநகரின் குடிநீரை வடிகட்டும் முறையைத் தீர்மானிப்பது குறித்த கோரிக்கை மனு

மாவட்டச் செயலாளர் / அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
மட்டக்களப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

விடயம்: உன்னிச்சைக் குளத்து நீரை ஓராண்டு முழுவதும் பரிசோதித்த பின்னரே புதிய வடிகட்டும் முறையைத் தெரிவு செய்யவும், தற்போதுள்ள வடிகட்டிகளைத் தனித்தனியாகக் கண்காணித்து முடிவுகளைப் பகிரங்கப்படுத்தவும் கோருதல்

நீர் சுத்திகரிப்பு, நீர் ஆய்வுகூடம், பொதுச் சுகாதாரம் ஆகிய துறைகளில் தொழில் செய்தவர்களும் இன்றும் செய்து வருபவர்களுமான மாநகரவாசிகளாகிய நாங்கள் இம்மனுவைத் தங்களிடம் சமர்ப்பிக்கிறோம்.

குடிநீருக்கு நிதி வரும் என்ற பேச்சு எழுந்தவுடன் "எத்தனை இடத்துக்கு ஆர்.ஓ. பிளான்ட் போடலாம்" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. ஆர்.ஓ. என்பது நீரை மெல்லிய சவ்வினூடாக அழுத்தி உப்பைப் பிரிக்கும் இயந்திரம். இயந்திரத்தைத் தெரிவு செய்துவிட்டு அதற்குத் தண்ணீரைப் பொருத்தப் பார்ப்பது தலைகீழான வேலை. உன்னிச்சையிலிருந்து வவுணதீவு வழியாகப் புளியந்தீவு, கல்லடி, காத்தான்குடி, ஏறாவூர் வரை போகும் நீரில் மாரியில் என்ன இருக்கிறது, கோடையில் என்ன இருக்கிறது என்பதே வடிகட்டியைத் தீர்மானிக்க வேண்டும்.

வடிகட்டாமலே ஒரு பெரிய நகரம் குடிநீர் வழங்கலாமே என்று நியூயோர்க்கை உதாரணம் காட்டுவோரும் உண்டு. அந்நகரின் நீரில் சுமார் 90 சதவீதம் கற்ஸ்கில், டெலவெயர் மலைப்பகுதி நீர்த்தேக்கங்களிலிருந்து வடிகட்டப்படாமல் வருவது உண்மை. வடிகட்ட வேண்டும் என்ற விதியிலிருந்து பெற்ற விலக்கைத் தக்கவைக்க 1997இல் மலைப்பகுதி ஊர்களுடன் உடன்படிக்கை செய்து, நீரேந்து நிலங்களை விலைக்கு வாங்கி, பண்ணைக் கழிவைக் கட்டுப்படுத்த அந்நகரம் தொடர்ந்து செலவழித்து வருகிறது. போதாததற்கு அந்த நீர் முழுவதையும் புற ஊதா ஒளியால் கிருமி நீக்குகிறது. குடியிருப்புகள் நெருங்கிய குரோட்டன் பகுதி நீருக்கு 2015 முதல் அதே நகரம் வடிகட்டி நிலையம் நடத்துகிறது.

உன்னிச்சை ஒரு பாசனக் குளம். சுற்றிலும் வயலும் மேய்ச்சலும். கோடையில் நீர் பின்வாங்கப் பின்வாங்க, மாடுகள் சேற்றில் இறங்கித்தான் தண்ணீர் குடிக்கின்றன. கன்றுகளின் சாணத்தோடு வரக்கூடிய கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியின் முட்டை 4 முதல் 6 மைக்ரோன் அளவுள்ளது. குழாய்நீருக்கு இடும் அளவு குளோரினால் அது சாவதில்லை. ஆகவே இங்கு வடிகட்ட வேண்டுமா என்ற கேள்விக்கே இடமில்லை. 1892இல் எல்பே நதி நீரை வடிகட்டாமல் வழங்கிய ஹம்பேர்க் நகரில் வாந்திபேதியால் 8,000க்கும் அதிகமானோர் மாண்டனர். அதே நதியில், ஹம்பேர்க்கின் கழிவு கலந்த பிறகு நீர் எடுத்தும், மணலில் வடிகட்டி வழங்கிய அண்டை நகரான அல்ரோனா பெரும்பாலும் தப்பியது.

எப்படி வடிகட்டுவது என்பதில்தான் கவனம் தேவை. விரைவு மணல் வடிகட்டியில் மணலின் பருமன் 0.5 முதல் 1 மில்லிமீற்றர். மணிகளுக்கிடையிலான இடைவெளி பற்றீரியாவைப் போலப் பல பத்து மடங்கு பெரியது. மணல் சல்லடையாக நின்று கிருமியைப் பிடிப்பதாக நினைப்பது தவறு. மணலுக்கு அனுப்புமுன் நீரில் படிகாரம் சேர்த்ததும் களித்துகளிலும் கிருமியிலும் உள்ள எதிர்மின்னேற்றம் தணிந்து அவை ஒன்றோடொன்று திரள்கின்றன. திரண்டவற்றில் பெரும்பகுதி படிவுத் தொட்டியில் அடியில் தங்கும், மீதி மணலில் ஒட்டும். படிகாரத்தின் அளவு பிழைத்தால் எவ்வளவு நல்ல மணலிருந்தும் கிருமி ஊடறுத்துப் போய்விடும்.

அந்த அளவை அறிய ஜார் டெஸ்ட் என்ற முகவைப் பரிசோதனையே நம்பகமான வழி. ஆறு ஒரு லீற்றர் முகவைகளில் அன்றைய குளத்து நீரை எடுத்து, லீற்றருக்கு 10, 20, 30, 40, 50, 60 மில்லிகிராம் எனப் படிகாரம் இட்டு, ஒரு நிமிடம் வேகமாகவும் இருபது நிமிடம் மெதுவாகவும் கலக்கி, அரை மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். குறைந்த முகவைகளில் நீர் பால் கலங்கியது போலவே நிற்கும். சரியான முகவையில் ஊசித்தலை அளவுத் திரள்கள் தோன்றிப் பருத்து இறங்க, நடுவில் கண்ணாடி போல நீர் தெளியும். அதற்கடுத்த முகவைகளில் திரள் மீண்டும் மெலிந்து மிதப்பதைக் காணலாம். கூடப் போட்டால் கூடத் தெளியும் என்பது இங்கே செல்லாது.

மாரியில் இது இன்னும் சிக்கலாகிறது. வடகீழ்ப் பருவமழை கொட்டிக் குளம் வான் பாயும் நாட்களில் கலங்கல் ஒரே இரவில் ஏறும், மழைநீர் கலப்பதால் காரத்தன்மையோ (அமிலத்தைத் தாங்கும் திறன்) இறங்கும். ஒரு மில்லிகிராம் படிகாரம் ஏறக்குறைய அரை மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்றுவிடும். லீற்றருக்கு 25 மில்லிகிராம் காரத்தன்மை மட்டும் உள்ள நீரில் 40 மில்லிகிராம் படிகாரம் இட்டால் மிஞ்சுவது 5 தான். அமில நிலையைக் காட்டும் பி.எச். அளவு 6க்குக் கீழே விழுந்து, திரள் உருவாகாமல், அலுமினியம் கரைந்த நிலையில் வடிகட்டியைத் தாண்டி வீட்டுக் குழாய்க்கே போய்விடும். நீறிய சுண்ணாம்பைப் படிகாரத்துக்கு முன் அளந்து சேர்த்தால் இதைத் தவிர்க்கலாம். ஆகையால் மழைக்காலத்தில் நாளொன்றுக்கு ஒரு ஜார் டெஸ்ட் போதாது. ஒவ்வொரு பணிமுறையிலும் ஒன்று வேண்டும். இரவுப் பணிமுறையில் அதைச் செய்யத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். கோடிக்கணக்கில் கட்டும் கட்டடத்தைவிட இந்த ஒரு ஆளின் இருப்பு பெரிது என்பதே எங்கள் உறுதியான கருத்து.

மணல் படுக்கையைக் கழுவுவதிலும் கவனம் தேவை. மணல் அடைபடுவதால் ஏற்படும் நீர்மட்ட இழப்பு இரண்டு மீற்றரை நெருங்கும்போதோ கலங்கல் ஏறத் தொடங்கும்போதோ கீழிருந்து காற்றும் நீரும் செலுத்திக் கழுவுகிறார்கள். கழுவும்போது மேலே நின்று பார்த்தால் படுக்கையின் நிலை தெரிந்துவிடும். நீர் முழுப் பரப்பிலும் சமமாக எழும்பாமல் ஒரு மூலையில் மட்டும் கொதித்தால், அடியிலுள்ள நொசில் (நீர் செல்லும் துவாரமுனை) உடைந்திருக்கிறது. அந்த இடத்தில் மணல் கலைந்து துளை விழும், கலங்கல் நீர் அவ்வழியே இறங்கும். கழுவல் வேகம் போதாவிட்டால் சேறும் மணலும் சேர்ந்து களியுருண்டைகளாகிப் படுக்கைக்குள் புதைந்துவிடும்.

கழுவிய படுக்கையை உடனே சேவைக்கு விடுவது அடுத்த தவறு. கழுவி முடித்த முதல் 15 முதல் 30 நிமிடங்களில் வடிநீரின் கலங்கல் திடீரென உயர்ந்து பிறகே இறங்கும். அந்த நீரை வெளியேற்றத் தனி வால்வு வேண்டும். வால்வு இல்லாத இடத்தில், அல்லது தண்ணீர் வீண் என்று அதைத் திறக்காத இடத்தில், அந்தக் கலங்கல் நேராகத் தெளிநீர்த் தொட்டிக்குப் போகிறது. எல்லாப் படுக்கைகளின் நீரும் கலந்த பின் ஓரிடத்தில் மட்டும் அளந்தால் இந்த ஏற்றம் கண்ணில் படாது. நல்ல நான்கு படுக்கைகள் ஒரு கெட்ட படுக்கையை மறைத்துவிடும். எஸ்.எல்.எஸ். 614 என்ற இலங்கைத் தரம் குடிநீரில் 2 என்.ரி.யூ. (கலங்கலை அளக்கும் அலகு) வரை கலங்கலை அனுமதிக்கிறது. பெரிய நகரத் திட்டங்கள் கிருமி நீக்கத்துக்கு முன் எந்நேரமும் 0.5க்குக் கீழ் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 1993இல் அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் கிரிப்டோஸ்போரிடியத்தால் நோயுற்றபோது அங்கே வடிகட்டி இருந்தது. திரட்டும் பகுதி சரிவர இயங்காமல், வெளியேறும் நீரின் கலங்கல் 1.7 வரை உயர்ந்தது. எங்கள் தரத்தின்படி பார்த்தால் அந்த நீரும் "பாஸ்" ஆகியிருக்கும்!

படிகாரம் போன்ற மருந்து வேண்டாம், நீரை மிக மெதுவாக இறக்கும் மணல் வடிகட்டி போதும் என்ற யோசனையும் அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. சிறு கிராமத் திட்டங்களுக்கு நாங்கள் அதை மனமார ஆதரிக்கிறோம். மாநகருக்குக் கணக்கு இடிக்கிறது. மணிக்கு 0.15 மீற்றர் வேகத்தில் நாளொன்றுக்கு 10,000 கன மீற்றர் வடிகட்ட 2,800 சதுர மீற்றர் மணற்பரப்பு வேண்டும். அதே அளவுக்கு விரைவு வடிகட்டியில் 70 சதுர மீற்றர் போதும். மாரிக் கலங்கலில் மெது வடிகட்டி சில நாட்களிலேயே அடைத்துவிடும்.

கோடையின் பிரச்சினை வேறு. நீர்மட்டம் தாழ்ந்து சூடேறும்போது நீலப்பச்சைப் பாசி பெருகக்கூடும். சில இனங்கள் மைக்ரோசிஸ்ரின் என்ற நஞ்சைச் சுரக்கும், கொதிக்கவைத்தாலும் அது அழியாது. பாசி கண்டவுடன் குளத்து நீரிலேயே குளோரின் போடுவது வழக்கமான அவசர வைத்தியம். அது பாசிக் கலங்களை வெடிக்கச் செய்து நஞ்சை நீரில் கலக்கிறது. கலங்களை உடைக்காமல் படிகாரத்தால் திரட்டி அகற்றுவதும், தேவைப்பட்டால் நஞ்சை உறிஞ்சும் தூள் நிலைக் காபன் இடுவதும், நீர் எடுக்கும் மட்டத்தை மாற்றுவதும்தான் சரி. அடிமட்ட நீரை எடுத்தால் கரைந்த இரும்பும் மங்கனீசும் ஏறிக் குழாயில் கறுப்புநீர் வரும்.

ஆர்.ஓ. தேவைப்படும் இடங்களும் இம்மாவட்டத்தில் உண்டு. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்கரையில் நன்னீர் மெல்லிய படையாக உப்புநீரின் மேல் மிதக்கிறது. 2004 சுனாமிக்குப் பின் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்துத் துப்புரவாக்கியபோது உப்பு மேலே ஏறியதும் உண்டு. மலசலகூடக் குழிகளும் கிணறுகளும் அருகருகே இருக்கும் இடங்களில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டும் அபாயமுண்டு. கொதிக்கவைத்தால் அது இன்னும் செறியும், மணல் வடிகட்டிக்கும் அகப்படாது. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்தானது. குழாய்நீர் எட்டாத அத்தகைய இடங்களுக்கு ஆர்.ஓ. பொருந்தும். ஆனால் சிறிய இயந்திரங்கள் எடுக்கும் நீரில் ஏறக்குறைய பாதியை உப்புக் கழிவாகத் தள்ளுகின்றன. அதை அருகிலுள்ள குழிக்குள் விட்டால் அதே கிணற்றுக்குத் திரும்பி வரும். வடித்த நீரில் குளோரின் மிச்சமில்லாததால் கழுவாத கேனிலேயே கிருமி வளரும். உன்னிச்சை நீருக்கு ஆர்.ஓ. போடுவது உப்பில்லாத தண்ணீரில் உப்பெடுக்கச் செலவழிப்பதாகும்.

நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை தங்கள் நேரடி நிர்வாகத்தில் இல்லை என்பதை நாங்கள் அறிவோம். ஆயினும் சபையையும், குளத்தைத் திறந்து மூடும் நீர்ப்பாசனப் பொறியியலாளரையும், மாநகர ஆணையாளரையும், பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரையும் ஒரே மேசையில் அமர்த்தத் தங்களால் முடியும். அப்படிக் கூட்டி, எதிர்வரும் மாரி தொடங்கி அடுத்த கோடை முடியும்வரை குளத்து நீரின் கலங்கல், பி.எச்., காரத்தன்மை, மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலை பற்றீரியா, மங்கனீசு, பாசி எண்ணிக்கை ஆகியவற்றை வாரந்தோறும், மழை நாட்களில் தினந்தோறும் அளக்க ஏற்பாடு செய்து தருமாறு வேண்டுகிறோம். அந்த ஓராண்டு முடியும்வரை புதிய வடிகட்டி இயந்திரங்களுக்கு விலைமனு கோர வேண்டாம். விதிவிலக்காக, உப்போ நைத்திரேற்றோ பரிசோதனையில் உறுதியான கரையோரக் கிராமங்களுக்கு, கழிவுநீருக்கு வழி காட்டிய பின் ஆர்.ஓ. அனுமதிக்கலாம்.

இதற்குக் காத்திராமல் உடனே செய்யக்கூடியவையும் உள்ளன. ஒவ்வொரு படுக்கையின் வெளிவழியிலும் கலங்கல்மானி பொருத்தி, கழுவிய பின் 0.5க்குக் கீழே இறங்கும்வரை நீரை வெளியே விடும் நடைமுறையைக் கட்டாயமாக்க வேண்டும். அந்த வாசிப்புகளையும், குழாய்வழியின் கடைசி வீடுகளில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) எடுக்கும் குளோரின் வாசிப்புகளையும் மாதந்தோறும் பிரதேச செயலக அறிவித்தல் பலகைகளில் ஒட்ட வேண்டும். குழாய்முனையில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறைந்த இடங்களைத் தனியாகக் குறிக்க வேண்டும். நீர் விட்டுவிட்டு வரும் தெருக்களில் குழாயின் அழுத்தம் இறங்கும் நேரத்தில் நிலத்தடி அழுக்கு வெடிப்பினூடாக உள்ளே இழுபடுகிறது என்பதால், அத்தெருக்களே மாதிரி எடுப்பில் முதலிடம் பெற வேண்டும்.

மாதிரி எடுக்கும் இடங்களைத் தெரிவு செய்யவும், ஜார் டெஸ்ட் பயிற்சி அளிக்கவும் எங்களில் ஆய்வுகூட அனுபவமுள்ளோர் ஊதியமின்றி முன்வரத் தயாராக உள்ளனர். தாங்கள் குறிக்கும் நாளில் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) நேரில் வந்து கணக்குகளோடு விளக்கமளிக்கவும் அனுமதி கோருகிறோம்.

இங்ஙனம்,
கீழே கையொப்பமிட்டுள்ள மட்டக்களப்பு மாநகரவாசிகள்

பிரதிகள்:
பிராந்திய முகாமையாளர், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, மட்டக்களப்பு
ஆணையாளர், மாநகர சபை, மட்டக்களப்பு
பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், மட்டக்களப்பு