அப்பாவுக்கு, அபர்டீனிலிருந்து

அபர்டீன், ஸ்காட்லாந்து
ஜனவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள், அம்மா, அக்கா, அத்தான், பிள்ளைகள் எல்லோரும் நலம்தானே? உங்கள் கடிதம் கிடைத்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பார்சல் வந்து மூன்று வாரம் ஆகிறது. அதற்குள்தான் கடிதத்தை வைத்திருந்தீர்கள், நான் பார்சலையே பிரிக்கவில்லை. கதவோரம் வைத்தது வைத்தபடி கிடந்தது. ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டித்தான் போனேன். கத்தரிக்கோலை எடுத்து ஒட்டியிருந்த டேப்பை வெட்ட வேண்டும், அவ்வளவுதான். அதற்குக்கூடக் கை வரவில்லை. போன வாரம்தான் பிரித்தேன். கருப்பட்டி வாசனை வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இந்த இடத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

“நாங்கள் ஏதும் தப்பாகப் பேசிவிட்டோமா அம்மா” என்று கேட்டிருந்தீர்கள். அப்படி ஒன்றும் இல்லை அப்பா. போன் அடிக்கும்போது எடுத்துப் பேசத் தெம்பு இல்லை. நாளைக்குப் பேசலாம் என்று தள்ளிப்போட்டு இரண்டு மாதம் ஓடிவிட்டது.

இங்கே குளிர் கடுமைதான், ஆனால் குளிரைவிட இருட்டுதான் ஆளை அமுக்குகிறது. டிசம்பரில் காலை எட்டே முக்காலுக்கு எழும் சூரியன் மூன்றரைக்குள் அடங்கிவிடும். ஏழரை மணி டியூட்டிக்கு இருட்டில் போனால், இரவு எட்டு மணிக்கு இருட்டில்தான் திரும்புவேன். ஊரே சாம்பல் நிறக் கருங்கல்லால் கட்டியது. மழையில் நனைந்தால் நம் வீட்டு அம்மியைக் கழுவி வைத்த மாதிரி இருக்கும்.

வாரத்துக்கு மூன்று நீண்ட டியூட்டிதான் கணக்கு. நான் போன ஆடியிலிருந்து நான்கு, ஐந்து என்று போய்க்கொண்டிருந்தேன். லீவு நாளில் பன்னிரண்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தூங்காதது போலவே இருந்தது. மருந்து அலமாரிப் பூட்டுக்கு தினமும் அழுத்துகிற நம்பர் ஒருநாள் மறந்துபோய் அதன் முன்னால் நின்றேன். ஒரே மருந்துச் சீட்டை மூன்று தடவை வாசித்தும் மனதில் ஏறவில்லை. இதெல்லாம் அலுப்பு என்றுதான் நினைத்தேன். அப்புறம் ஒரு பாட்டி இறந்துபோனார். ஐந்து வாரம் நான் குளிப்பாட்டி, தலை சீவிவிட்டவர். எனக்கு எதுவுமே தோன்றவில்லை. அந்தக் கட்டிலுக்கு அடுத்து யார் வருவார்கள் என்று மட்டும் யோசித்தேன். அன்றைக்குத்தான் என்னைப் பற்றி எனக்கே பயம் வந்தது.

கீழ் வீட்டுத் தாத்தாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, மீன்பிடிக் கப்பலில் இருந்தவர். வாரம் ஒருமுறை பட்டரி என்கிற ரொட்டியை என் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போவார். தட்டையாக, உப்புக் கரிப்பாக, பஃப்ஸ் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். கடலுக்குப் போகிறவர்களுக்காகச் செய்ய ஆரம்பித்ததாம். பார்க்கும்போதெல்லாம் “ஃபிட் லைக்?” என்பார். இந்த ஊர்ப் பேச்சில் எப்படி இருக்கிறாய் என்று அர்த்தம். “நே பேட்” என்று சொல்ல வேண்டும், பரவாயில்லை என்பது போல. ஒருநாள் காலை அந்த இரண்டு வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. நான் டாக்டருக்குப் போன் போட்டு நேரம் வாங்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் முதலில் ரத்தம், தைராய்டு எல்லாம் பார்க்கச் சொன்னார், அதில் பெரிய குறை இல்லை. நான்கு வாரம் லீவு எழுதிக் கொடுத்தார். பணியாளர்களுக்கென்று ஆஸ்பத்திரியில் இருக்கிற நர்ஸ் என்னிடம் ஒரு மணி நேரம் பேசினார். இதற்குப் பெயர் பர்ன்அவுட். தீராத வேலை நெருக்கடியில் வருவது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதை வரையறுத்தபோது வியாதி என்று சொல்லவில்லை, வேலையால் வருகிற நிலை என்றுதான் சொன்னது. அந்த நர்ஸ் மூன்று அடையாளம் சொன்னார்: உடம்பில் சக்தி வற்றிப்போவது, வேலையில் மனது ஒட்டாமல் கசந்துபோவது, எதையும் சரியாகச் செய்ய முடியவில்லை என்று தோன்றுவது. மூன்றும் எனக்கு இருந்தன.

அவர் சொல்லச் சொல்ல உங்கள் ஞாபகம்தான் வந்தது அப்பா. டபுள் டியூட்டி முடிந்து வந்து, காக்கிச் சட்டையைக் கழற்றாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பீர்களே. டிக்கெட் கலெக்ஷனில் குறைந்த காசைக் கைக்காசு போட்டுக் கட்டிவிட்டு வந்த நாட்களில் அம்மா காப்பியை வைத்துவிட்டுப் போவாள், அது ஆடை படிந்து ஆறிப்போகும். நான் ரேங்க் கார்டை நீட்டினால் பார்க்காமலே கையெழுத்துப் போடுவீர்கள். அப்பாவுக்கு என் மேல் பாசமே இல்லை என்று அக்காவிடம் சொல்லி அழுதிருக்கிறேன். உங்களுக்கு லீவு எழுதிக் கொடுக்க யார் இருந்தார்கள்? என்னை மன்னித்துவிடுங்கள்.

இப்போது தேவலை. வெளிச்சம் இருக்கும்போதே கடற்கரையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். வார்டு வாட்ஸ்அப் குரூப்பை அணைத்து வைத்திருக்கிறேன். தாத்தா ஒருநாள் துறைமுக முகப்புக்குக் கூட்டிப்போய் டால்பின் காட்டினார். நேற்று சோறு வடித்துச் சுண்டைக்காய் வற்றல் குழம்பு வைத்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் பசித்துச் சாப்பிட்டேன். நாளை மறுநாள் வேலைக்குப் போகிறேன், முதல் இரண்டு வாரம் பாதி நேரம்தான்.

கூடுதல் டியூட்டி இனி எடுக்க மாட்டேன். அதனால் வீட்டுக்கு அனுப்புவது கொஞ்சம் குறையும். தம்பி ஃபீஸை நான் கட்டிவிடுவேன், அவனிடம் எதுவும் கேட்க வேண்டாம். மாடி ஓட்டு வேலையை மட்டும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்கலாமா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. கிணற்று மோட்டாருக்குப் புதுசு வேண்டாம், காயில் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சின்ன மாமா வரப்புத் தகராறில் நீங்கள் தலையிட வேண்டாம், அத்தான் பேசட்டும். பிரஷர் மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறீர்களா என்று அக்கா எனக்கு எழுத வேண்டும்.

பங்குனி உத்திரத்துக்கு லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்தால் சாஸ்தா கோயிலுக்கு எல்லோரும் சேர்ந்து போகலாம், வேன் பேசுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் நேரம் மாலை ஐந்து மணிக்குப் போன் பண்ணுகிறேன். அம்மாவைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்