தண்ணீர்த் திருப்பணி: நிறைவு அறிக்கை

ஆலய உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கோபுரத்துக்கு வர்ணம் பூச வாங்கிய உபயத்தில் கமிட்டி கைவைத்துவிட்டது என்ற பேச்சு கெடா மாநிலத்துப் பீடோங் பசார் (சந்தை) வரை போயிருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம். உண்மைதான், வறட்சியில் தண்ணீர் வேலைக்காக எடுத்தோம். ஆனால் பொதுக்கூட்டத்தில் கை தூக்கச் சொல்லித்தான் முடிவெடுத்தோம். அப்புறம் உபயதாரர்களின் வீடுவீடாகப் போய்ச் சம்மதம் கேட்டோம். இரண்டு பேர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் பணம் அன்றே திருப்பித் தரப்பட்டது. மற்றவர்கள் பணத்தில் மழைநீர்த் தொட்டிகளும் கிணற்று வேலையும் முடிந்திருக்கின்றன.

நம் பக்கம் தைப்பூசம் வந்தால் வெயிலும் வந்துவிடும். வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையிலுள்ள கிளந்தான், திரெங்கானு பக்கமே கொட்டித் தீர்த்துவிடுகிறது. தித்திவங்சா மலையைத் தாண்டி நமக்கு வருவது வெறும் காற்றுதான். பசிபிக் கடல் சூடேறி நம் பக்கம் மழை குறைகிற எல் நினோ ஆண்டென்றால் கேட்கவே வேண்டாம். 1998 ஏப்ரலில் பெர்லிஸ் சூப்பிங்கில் 40.1 டிகிரி அடித்ததை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

தோட்டத்தில் தங்கி வேலை செய்கிறவர்களுக்கு இலவசமாகக் குழாய்த் தண்ணீர் தரவேண்டியது தோட்ட நிர்வாகத்தின் கடமை என்று தொழிலாளர் குடியிருப்பு வசதிகளுக்கான 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் சொல்கிறது. ஆனால் வேலையை விட்டு நின்றவர்கள், பழைய லயத்திலேயே (தோட்டத்து வரிசை வீடுகளிலேயே) தங்கிவிட்ட பாட்டிமார், துண்டுபோட்டு விற்ற நிலத்தின் ஓரத்தில் குடியிருப்பவர்கள் யார் கணக்கில் வருவார்கள்? குழாயில் காற்று மட்டும் வந்த நாட்களில் முதலில் வாளியோடு கோயிலுக்கு வந்தவர்கள் அவர்கள்தான். அன்று பூசாரி அண்ணன் அம்மனுக்கு ஒரே குடத்தில் அபிஷேகத்தை முடித்துக்கொண்டார். மீதி இருந்த ஐந்து குடத்தையும் பின்வாசலுக்குக் கொண்டுபோய், ஒரு சொட்டு சிந்தாமல் வாளி வாளியாக ஊற்றினார். எங்களிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கமிட்டி கூடிப் பேசியது அதற்கு அப்புறம்தான்.

மண்டபத்துக் கூரை 60க்கு 40 அடி. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர் தண்ணீர். அப்படிப் பார்த்தால் 20 மில்லிமீட்டர் மழைக்கு 4,400 லிட்டருக்கு மேல் வரும். சிந்துவது, ஆவியாவது போனாலும் 400 கேலன் தொட்டி இரண்டு நிறையும். ஆறு தொட்டிகள் வைத்திருக்கிறோம். இது நாங்கள் கண்டுபிடித்த வித்தை இல்லை. 1998 வறட்சி பட்ட பாட்டில் வீடமைப்பு, ஊராட்சி அமைச்சு 1999லேயே இதற்கு வழிகாட்டி வெளியிட்டுவிட்டது. ஊரில்தான் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை, எங்களையும் சேர்த்து.

அப்படிப் பார்க்காததற்குத் தண்டனையும் கிடைத்தது. வேலை எடுத்தவர் கூரைக் குழாயை நேராகத் தொட்டியில் இறக்கிவிட்டார். நாங்களும் ஏணி ஏறிப் பார்க்காமல் சரி என்று கையெழுத்துப் போட்டோம். முதல் மழைக்குப் பிறகு குழாயைத் திறந்தால் தேத்தண்ணி நிறத்தில், புறா எச்சத்தின் வாடையோடு வந்தது. இரண்டு தொட்டித் தண்ணீரையும் அந்த வறட்சியிலேயே கொட்டவேண்டியதாகிவிட்டது. அன்னதானச் சமையல்கட்டில் இருந்த அக்காமார் அன்று முழுக்க எங்களோடு பேசவில்லை. இப்போது தொட்டிக்கு முன்னால் அடியில் மூடி போட்ட ஆறங்குலக் குழாய் ஒன்று நிற்கிறது. கூரையைக் கழுவிவரும் முதல் தண்ணீர் அதில் நிறைந்த பிறகே நல்ல தண்ணீர் தொட்டிக்குத் திரும்பும். மழை விட்டதும் யாராவது ஒருவர் அந்த மூடியைத் திறந்து அழுக்கை வெளியேற்றவேண்டும். டிங்கிக் கொசு முட்டையிடாமல் இருக்க எல்லாத் தொட்டி வாய்க்கும் சன்னமான வலை கட்டியாயிற்று. குடிப்பதற்கு மட்டும் கட்டாயம் கொதிக்கவைத்துக்கொள்ளுங்கள்.

கோயிலுக்குப் பின்னால் இருந்த கிணற்றைத் தூர் வாரினோம். சேற்றோடு நெளிந்துபோன ரப்பர் பால் வாளி ஒன்றும் பித்தளைச் செம்பு ஒன்றும் வந்தன. இறைக்கும்போது தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. வெயிலில் அரைநாள் வைத்தால் செம்மண் நிறத்தில் படிகிறது. காற்றுப் பட்டதும் அதிலுள்ள இரும்பு துருவாகிவிடுகிறது. ஆகவே அது துணி துவைக்கவும் கழிப்பறைக்கும் மட்டும் என்று தமிழிலும் மலாயிலும் எழுதி மாட்டியிருக்கிறோம்.

வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோக உறுப்பினர் ஒருவர் தம் லோரியைக் கூலி வாங்காமல் விட்டார். படுக்கையில் இருப்பவர் வீடு, கைக்குழந்தை வீடு, அப்புறம் மற்றவர்கள் என்ற வரிசையில் ஊற்றினோம். மலாய்க் கம்பத்தில் (கிராமத்தில்) சுராவ் என்ற சிறு தொழுகைக்கூடத்தின் பக்கத்து வீடுகளுக்கும் ஊற்றினோம். ஏன் என்று கேட்டவருக்கு எங்கள் பொருளாளர், தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் மோர் கொடுக்கும்போது யாரிடமாவது நீ எந்தச் சாமி கும்பிடுகிறாய் என்று கேட்டிருக்கிறோமா என்று திருப்பிக் கேட்டார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

மழை வந்ததும், கஷ்டப்படும் வீடுகளுக்குக் கொடுத்துவந்த அரிசிப் பையை நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தோம். தோட்டத்தில் செம்பனைப் (எண்ணெய்ப் பனை) பழம் வெட்டும் தம்பிகள்தான் நிறுத்தாதீர்கள் என்றார்கள். ரப்பர் மரம் பிப்ரவரி, மார்ச்சில் இலை கொட்டிப் பால் குறையும். அது தெரிந்த கஷ்டம், இலை விட்டதும் தேறிவிடும். செம்பனை அப்படி இல்லை. தண்ணீர் இல்லாத காலத்தில் பெண் பூ குறைந்துபோகும். அது குலையில் தெரிய ஆறு மாதம் ஆகும், சிலசமயம் ஒன்றரை, இரண்டு வருஷம்கூட ஆகும். குலையை எண்ணிக் கூலி வாங்குகிற வீட்டில் ஊரெல்லாம் பச்சையான பிறகுதான் அடுப்பு மந்தமாகும். அதனால் அரிசி, பருப்பு, எண்ணெய்ப் பொட்டலம் தொடர்கிறது. நிறுத்தும் தேதியை இப்போது வைக்கவில்லை.

தணிக்கை செய்த வரவு செலவு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. குழாய் வேலையில் இன்னும் ஒழுக்கு இருப்பதால் கடைசித் தவணையைக் கொடுக்காமல் வைத்திருக்கிறோம். கோபுர வர்ணத்தை அடுத்த பொதுக்கூட்டத்தில் பேசலாம்.

கூரை விளிம்புத் தகரக் கால்வாயில் சருகு அள்ள மாதக் கடைசி சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு இளைஞர் பிரிவு வரவேண்டும். கோயில் ஏணியில் மூன்றாவது படி உடைந்திருக்கிறது. நல்ல ஏணி வைத்திருப்பவர்கள் அன்று கொண்டுவரவும்.

இப்படிக்கு,
ஆலய நிர்வாகக் குழு