எந்த இணைப்பு எங்கே திறக்க வேண்டும்? இணையத்தள வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வடிவமைப்பாளர்களே,

சென்ற வாரம் ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேர வேலை. கடைசியில் "விதிமுறைகளைப் படித்தேன்" என்றொரு கட்டம். உண்மையிலேயே படித்துவிடலாம் என்று (யாரும் செய்யாத காரியம்தான்) அந்த இணைப்பைச் சொடுக்கினேன். படிவம் இருந்த இடத்திலேயே விதிமுறைகள் வந்து உட்கார்ந்துகொண்டன. பின்செல்லும் அம்பை அழுத்தித் திரும்பினால் எல்லாக் கட்டங்களும் காலி.

வேடிக்கை என்னவென்றால், அதே தளத்தில் முகப்பு, செய்திகள், "எங்களைப் பற்றி" எல்லாம் புதிய தாவலில்தான் (டேப்) திறக்கின்றன. தேவையில்லாத இடத்தில் தாராளம், தேவையான இடத்தில் கஞ்சத்தனம்.

என் அப்பாவுக்குப் புதிய தாவல் திறந்ததே தெரியாது. பின்செல்லும் அம்பு மங்கிக் கிடப்பதைப் பார்த்துக் கணினி பழுது என்கிறார். புதிய தாவலுக்குப் பழைய வரலாறு கிடையாது என்று அவருக்கு யார் சொல்வது? திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருளின் துணையோடு படிப்பவர்களின் பாடு இன்னும் மோசம்.

"வாசகர் நம் தளத்தை விட்டுப் போய்விடக் கூடாதே" என்பீர்கள். போக நினைப்பவர் போய்த்தான் தீருவார். புதிய தாவல் வேண்டுமென்றால் கன்ட்ரோல் விசையோடு சொடுக்கியோ மவுஸின் சக்கரத்தை அழுத்தியோ அவரே திறந்துகொள்வார். புதிய தாவலில் திறக்கச் சொல்லும் 'பிளாங்க்' என்ற குறியீட்டை நீங்கள் எழுதிவிட்ட இணைப்பை அதே தாவலில் திறக்க அவருக்கு அப்படியோர் எளிய வழி இல்லை. என் வழக்கே இதுதான்.

இது புதிய வழக்குமல்ல. இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் 1999இல் வந்த 4.01ஆம் பதிப்பின் கண்டிப்பான வடிவத்தில், இணைப்பு எங்கே திறக்க வேண்டும் என்று சொல்லும் 'டார்கெட்' பண்புக்கே ('பிளாங்க்' அதன் ஒரு மதிப்பு) இடமில்லை; எச்டிஎம்எல் 5 அதைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஆனாலும் இணையத் தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் (W3C) அணுகல் வழிகாட்டுதல்கள் புதிய தாவலுக்கு இரண்டு சூழல்களைத்தான் முக்கியமாகச் சொல்கின்றன: படிவம் போன்ற பல படி வேலையின் நடுவே உதவிக் குறிப்பைத் திறக்கும்போதும், வெளி இணைப்புக்குப் போனால் உள்நுழைவு அறுந்துவிடும்போதும். அப்போதும் "புதிய தாவலில் திறக்கும்" என்று இணைப்பின் எழுத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

கூடவே அந்த இணைப்பின் குறியீட்டில் 'நோஓப்பனர்' என்ற சொல்லையும் சேர்த்துவிடுங்கள். அது இல்லாவிட்டால், புதிதாகத் திறந்த பக்கம் பழைய தாவலைப் போலி உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பிவிட முடியும். குரோம் உலாவி 2021 ஜனவரியில் வந்த 88ஆம் பதிப்பிலிருந்து இதைத் தானாகவே தடுக்கிறது. ஆனால் பழைய உலாவியோடு காலம் தள்ளுவோரும் உண்டு.

முதலில் அந்த விதிமுறை இணைப்பைத் திருத்துங்கள். மற்றவற்றிலிருந்து 'பிளாங்க்'கை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
படிவத்தை மறுபடியும் முதலிலிருந்து நிரப்பிக்கொண்டிருக்கும் ஒருவன்