குச்சி கேட்டிருந்தாயே, அம்மா

லீட்ஸ், இங்கிலாந்து
ஜூலை 12

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். அப்பாவின் முழங்கால் வலியைப் படித்ததிலிருந்து அதே நினைப்புதான்.

இங்கே நான் வளர்க்கிற க்ளெமாடிஸ் பூங்கொடியில், அங்கே நட ஒரு குச்சி கொண்டு வரச் சொல்லியிருக்கிறாய். தண்டையார்பேட்டை வெயிலில் அது நிற்காதும்மா. குளிர்காலம் முழுக்க இலை கொட்டி, சுள்ளியாய்க் கிடந்து எழுந்தால்தான் அதற்குப் பூ. பிப்ரவரி கடைசியில் பக்கத்து வீட்டுப் பாட்டி கத்தரிக்கோலோடு வந்து, தரையிலிருந்து ஒரு அடி விட்டு மொத்தத்தையும் நறுக்கிவிட்டார். எனக்கு வயிறு பற்றிக்கொண்டு வந்தது. கிட்டே கூப்பிட்டுக் காட்டினார்: கணுவுக்குக் கணு, இரண்டு பக்கமும் பச்சை முளை! இப்போது வேலியைத் தாண்டிவிட்டது. பூ ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், அடர்ந்த ஊதா. ஜாக்மனி என்ற ரகம். வோக்கிங் ஊர் நர்சரியில் 1858இல் இரண்டு ரகங்களைச் சேர்த்து உண்டாக்கினார்களாம்.

நம் முல்லைக்குத் தண்டே சுற்றும். இதற்கு இலைக்காம்புதான் கை. தடித்த கம்பைப் பிடிக்காது என்று மெல்லிய சணல் கட்டினேன். நேற்று சும்மா தொங்கிய காம்பு இன்று சணலை ஒரு சுற்று சுற்றியிருக்கிறது. தலைக்கு வெயில் வேண்டும், வேருக்கு நிழல் வேண்டும். வேர்மேல் உடைந்த ஓட்டுத் துண்டை வைத்திருக்கிறேன், அதுவும் பாட்டி யோசனைதான்.

போன குளிருக்கு இரண்டு ஸ்வெட்டரே போதுமாக இருந்தது, ஹீட்டர் போடத் தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொடியோடேயே பொழுது போய்விடுகிறது. நீ கவலைப்படாதே.

ஆனால் அம்மா, இதில் வாசமே இல்லை. இவ்வளவு பெரிய பூ, மூக்கை வைத்தால் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடி முல்லையைக் கட்டி, திருவொற்றியூர் வடிவுடையம்மனுக்கு எடுத்து வைத்தது போக மிச்சத்தை என் தலையில் வைப்பாயே. அது வேண்டும்மா எனக்கு. காசிமேட்டுக் காற்றில் மீன் வாடையும் முல்லையும் சேர்ந்து வருமே, அதுவும் வேண்டும்.

சரி. ஆடி பிறக்கப் போகிறது. தம்பி விஷயமாக மாதவரத்துக்காரர்களுக்கு ஆவணியில் பதில் சொல்கிறோம் என்று பெரிய மாமாவை விட்டுச் சொல்லச் சொல். நகைப் பேச்சை நீ எடுக்காதே. உன் வளையலை மீட்கப் பணம் அடுத்த மாதம் அனுப்புகிறேன், இந்த மாதம் இங்கே சின்னச் செலவு, வேறொன்றுமில்லை. அதுவரை வட்டியை மட்டும் கட்டி ரசீது வாங்கி வை. மொட்டைமாடி ஒழுகலை ஐப்பசி மழைக்கு முன்னால் அடைத்தாக வேண்டும், சித்தப்பா மேஸ்திரியைக் கூட்டி வரட்டும். அப்பாவை ஸ்டான்லியில் காட்டி, எக்ஸ்ரே பார்த்து என்ன சொன்னார்கள் என்று உடனே எழுது.

அன்புடன்,
உன் மகள்