எந்தச் சாறு என்று சொல்லுங்கள்

ஆசிரியருக்கு,

நிலவேம்பு இலையின் ஆல்கஹால் சாறு ஆய்வுக்கூடத்தில் பலன் காட்டியதாகத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். நிலவேம்பின் கசப்புக்கு முக்கியக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற வேதிப்பொருள் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. எத்தனால் என்ற ஆல்கஹாலில் கரைந்து வரும். ஆகவே ஆய்வுக்கூடத்தில் எத்தனால் சாறு காட்டும் பலனை, 9 மருந்துச் சரக்குகள் சேர்த்துத் தண்ணீரில் காய்ச்சும் நிலவேம்புக் குடிநீருக்கு அப்படியே ஏற்றிச் சொல்வது சரியல்ல.

செய்தி வந்த அன்று மாலையே பக்கத்து வீட்டுப் பாட்டி, ஒரு கைப்பிடி இலையைக் கண்ணாடிப் புட்டியில் திணித்து வைத்துக்கொண்டு, மருந்துக் கடையில் ஸ்பிரிட் வாங்கித் தரச் சொன்னார். புண் துடைக்கிற ஸ்பிரிட்! குடித்தால் விஷம் என்று புரியவைக்க அரை மணி நேரமானது. இத்தகைய செய்திகளில் எதில் ஊறவைத்து எடுத்த சாறு, சோதித்தது சோதனைக் குழாயிலா, எலியிலா, மனிதரிடமா என்பதை முதல் பத்தியிலேயே அச்சிட வேண்டுகிறேன்.

ஒரு வாசகி, திருநெல்வேலி